வரப்போகிறவரும் போகாதவரும்: அண்ணாமலையடியில் இரண்டாம் வருகை

1. கேள்வி

கார்த்திகை மாதத்தில் திருவண்ணாமலையில் இரண்டு காத்திருப்புகள் அருகருகே நடக்கின்றன. முதலாவது ஊர் உலகம் அறிந்தது. தீபத்தன்று அதிகாலையில் கோயிலுக்குள் பரணி தீபம் ஏற்றப்படுகிறது. மாலை ஆறு மணியை ஒட்டி அர்த்தநாரீசுவரர் வெளியே வந்து சில நிமிடங்கள் மட்டும் காட்சி தந்து உள்ளே திரும்புகிறார். அந்தக் கணத்தில் மலையுச்சியில் மகாதீபம் எரியத் தொடங்குகிறது. இலட்சக்கணக்கானோர் நாளெல்லாம் நிற்பது அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான். இரண்டாவது அதிகம் பேசப்படாதது. நவம்பர் 30ஐ ஒட்டி வரும் ஞாயிறன்று, ஊரின் லுத்தரன், கத்தோலிக்க ஆலயங்களில் திருவருகைக் காலம் தொடங்குகிறது. கிறிஸ்துமஸுக்கான ஆயத்தம் என்றே பலரும் அதை எண்ணுகிறார்கள். ஆனால் கத்தோலிக்கரின் முதல் ஞாயிற்று நற்செய்தி வாசகம் பெத்லகேம் பக்கமே போவதில்லை. உலகத்தின் முடிவையும், கிறிஸ்து மீண்டும் வருவதையும், விழித்திருக்க வேண்டியதையும் பேசுகிறது.

நினைத்தாலே முக்தி தரும் என்று சைவ மரபு நம்பும் தலம் இது. இங்கே கடவுள் மலைமேல் குடியிருப்பவர் மட்டுமல்லர், மலையே அவர். அப்படி ஒருவர் ஏற்கெனவே வந்து நின்றுவிட்ட ஊரில், ‘அவர் இனிமேல்தான் வருவார்’ என்ற நம்பிக்கை என்ன பொருள் பெறுகிறது? அதை அந்த ஊரில் சந்தித்தவர்கள் என்ன செய்தார்கள்? இக்கட்டுரையின் கேள்வி இதுதான்.

வழக்கமான விடை ஒன்று உண்டு. கிறிஸ்தவத்தின் காலம் நேர்கோடு, இந்து மரபின் காலம் சக்கரம். ஆகவே ஒன்றில் முடிவும் வருகையும் உண்டு, மற்றதில் மீள்சுழற்சி மட்டுமே உண்டு என்பது அது. மிர்சியா எலியாடே 1949இல் வெளியிட்ட நூலும், அதற்குச் சற்று முன் 1946இல் ஆஸ்கர் குல்மன் எழுதிய ‘கிறிஸ்துவும் காலமும்’ என்ற நூலும் இந்தப் பிரிவினைக்குப் புலமை மதிப்பைக் கொடுத்தன. குல்மன் மனத்தில் வைத்திருந்த எதிர்த்தரப்பு கிரேக்கம்தான். இந்தியாவில் அவரைப் படித்தவர்கள் அந்த இடத்தில் இந்துமதத்தை வைத்துக்கொண்டார்கள். ரொமிலா தாப்பர் 1996இல் காலத்தைப் பற்றி எழுதிய சிறுநூலில் இந்திய மரபுக்குள்ளேயே சக்கரமும் நேர்கோடும் கலந்து இயங்குவதைக் காட்டி, இந்த இருமையைக் கேள்விக்கு உட்படுத்தினார்.

தாப்பரின் பக்கம் சாய்வதற்குத் திருவண்ணாமலையிலேயே சான்று இருக்கிறது. தலபுராண மரபின்படி இந்த மலை கிருத யுகத்தில் நெருப்பாகவும், திரேதா யுகத்தில் மாணிக்கமாகவும், துவாபர யுகத்தில் பொன்னாகவும் இருந்து, கலியில் கல்லானது. கண்கூசும் பேரொளி மக்கள் நெருங்கக்கூடிய கல்லாகத் தணிந்துகொண்டது என்பது இக்கதையின் பொருள். இதில் முன்பின் உண்டு, படிப்படியான மறைவு உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை கல் மறுபடி நெருப்பாகத் தெரியும் நாளுக்கான ஏக்கமும் உண்டு. ஆகவே இந்த ஊருக்குக் காத்திருக்கத் தெரியாது என்று சொல்ல முடியாது. அதன் காத்திருப்புக்குப் பஞ்சாங்கம் இருக்கிறது, அவ்வளவுதான். கிறிஸ்தவ எதிர்பார்ப்புக்குப் பஞ்சாங்கம் கிடையாது. அதற்கு ஒன்றைத் தயாரிக்க முயன்றவர்கள் உண்டு. அவர்களிடம் பின்னர் வருவோம்.

இருதரப்பையும் பிரிப்பது காலத்தின் வடிவம் அன்று, தீர்ப்பு என்பதே என் வாதம். வருகிறவர் எதற்காக வருகிறார் என்று கேட்டால்தான் இந்த விவாதம் தரையில் கால் ஊன்றுகிறது.

2. நம்பிக்கைக்குள் இருக்கும் பிளவுகள்

இரண்டாம் வருகை ஒரே கோட்பாடு என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றலாம். புதிய ஏற்பாட்டுக்குள்ளேயே அது ஒன்றாக இல்லை. கி.பி. 50ஐ ஒட்டிப் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் கடிதம், தம் வாழ்நாளிலேயே ஆண்டவர் வந்துவிடுவார் என்ற தொனியில் பேசுகிறது. அதற்குள் இறந்துபோனவர்கள் என்ன ஆவார்கள் என்பதே அந்தச் சபையின் கவலை. மரித்தோர் முதலில் எழுவார்கள் என்று பவுல் அவர்களைத் தேற்றுகிறார். சில பத்தாண்டுகளுக்குப் பின் பேதுருவின் பெயரால் எழுதப்பட்ட இரண்டாம் கடிதத்தில் சூழல் மாறிவிட்டது. வருவதாகச் சொன்னவர் எங்கே என்று கேலி செய்பவர்களுக்கு அது விடை தேடுகிறது. அந்த நாளையும் நேரத்தையும் மகனும் அறியார் என்கிறது மாற்கு. இறையாட்சி ஏற்கெனவே உங்கள் நடுவில் இருக்கிறது என்ற பொருளில் லூக்கா 17 பேசுகிறது. நான்கு அதிகாரம் தள்ளி அதே லூக்கா வானத்து அடையாளங்களை அடுக்குகிறார். 20ஆம் நூற்றாண்டில் சி. எச். டாட் இறையாட்சி இயேசுவின் பணியிலேயே நிறைவேறிவிட்டது என்று வாதாடியபோதும், குல்மன் ‘வந்துவிட்டது, முழுமையாகவில்லை’ என்று நடுவழி கண்டபோதும், இந்தப் பழைய இழுபறியைத்தான் தொடர்ந்தார்கள்.

அகஸ்தீன், திருவெளிப்பாட்டின் ஆயிரம் ஆண்டு அரசாட்சியைத் திருச்சபையின் நிகழ்காலம் என்று விளக்கி, எதிர்பார்ப்பின் சூட்டைத் தணித்தார். 1530இன் அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை அதே வழியில் சென்றது. அதன் 17ஆம் பிரிவு, கிறிஸ்து நியாயந்தீர்க்க வருவார் என்பதை உறுதிசெய்கிறது. உயிர்த்தெழுதலுக்கு முன்பே பக்தர்கள் உலக அரசைக் கைப்பற்றுவார்கள் என்ற போதனையைத் தள்ளிவிடுகிறது. திருவண்ணாமலைக்கு இது தொலைவான செய்தி அன்று. தென்னாற்காட்டில் ஊன்றிய டேனிஷ் மிஷன் வழியாக வந்த லுத்தரன் மரபே ஊரின் முக்கியமான சீர்திருத்தச் சபையாகிய ஆற்காடு லுத்தரன் திருச்சபைக்கு அடித்தளம். டேனிஷ் மிஷன் மேல்நிலைப் பள்ளியில் படித்த இந்துப் பிள்ளைகளும் ஊரில் ஏராளம். அந்த மரபில் கடைசி நாள் உண்டு, நியாயத்தீர்ப்பு உண்டு. கால அட்டவணை கிடையாது.

இன்று தமிழ்நாட்டின் சிற்றூர்ச் சுவரொட்டிகளிலும் கன்வென்ஷன் மேடைகளிலும் ஒலிப்பது வேறு மொழி: இரகசிய வருகை, உபத்திரவ காலம், அந்திக்கிறிஸ்து, பகிரங்க வருகை, ஆயிர வருட அரசாட்சி. விசுவாசிகள் முதலில் இரகசியமாக எடுத்துக்கொள்ளப்படுவார்கள், பிறகு ஏழாண்டுத் துன்பம், அதற்குப் பின்பே ஊரறிய வருகை என்ற இந்த வரிசை 19ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பியின் போதனையால் வலுப்பெற்றது. அதை வேதத்தின் பழைய போதனை என்றே நம்புகிறவர்கள் பலர். அகஸ்தீனும் லுத்தரும் இந்த வரிசையைக் கண்டால் விழித்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

3. நாள் குறித்தலும் நாள் தப்பியதும்

டார்பி சார்ந்திருந்த ‘சகோதரர்’ (பிரதரன்) சபை வட்டத்தின் தொடக்ககால ஆளுமைகளில் ஒருவரான அந்தோனி நோரிஸ் குரோவ்ஸ் 1833இல் இந்தியா வந்தார். அவருடன் பணியாற்றிய திருநெல்வேலித் தமிழர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் (1810-1867). மிஷனரி இரேனியஸிடம் படித்தவர். 1842இல் கிறிஸ்தியான்பேட்டை என்ற குடியிருப்பை அமைத்து, மிஷன் சம்பளம் இல்லாமல் ஊழியம் செய்தார். 1860இல் அவரைச் சுற்றி எழுந்த எழுப்புதலில் அந்நியபாஷை, தரிசனம், தீர்க்கதரிசனம் எல்லாம் பதிவாகியுள்ளன. பெந்தெகொஸ்தே இயக்கத்தின் தொடக்கமாக வழக்கமாகச் சொல்லப்படும் லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசாத் தெருவுக்கு நாற்பத்தாறு ஆண்டுகள் முன்பு இது நடந்தது. ஆனால் நமக்குக் கிடைக்கும் அருளப்பன் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாக வருபவர். அவருடைய நாட்குறிப்புகளை 1939இல் தொகுத்து வெளியிட்ட ஜி. எச். லாங், தாமே சகோதரர் மரபைச் சேர்ந்தவர். எதை எடுத்தார், எதை விட்டார் என்ற கேள்வி எப்போதும் நிற்கும்.

இந்த அலை மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டித் திருவிதாங்கூரில் விழுந்தபோதுதான் தேதி முளைத்தது. பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் இராமய்யனாகப் பிறந்து, 1861இல் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்று, சர்ச் மிஷனரி சங்கத்தின் குருவான யுஸ்துஸ் ஜோசப் (1835-1887) அதன் மையம். வித்துவான் குட்டி என்று அழைக்கப்பட்டவர், சங்கீதம் அறிந்தவர். 1875இல், இன்னும் ஆறாண்டுகளில் கிறிஸ்து வருவார் என்று அவரது வட்டத்தில் தீர்க்கதரிசனம் எழுந்தது. கன்னேற்றியில் தனிச்சபை பிறந்தது. 1881 வந்தது, வருகை நடக்கவில்லை. சபை கலைந்துவிடவில்லை. புதிய யுகம் தொடங்கிவிட்டது என்று பொருள்கொண்டு, யுயோமயம் என்ற பெயரில் பல சமயங்களின் அடையாளங்களையும் சேர்த்துக்கொண்ட புது மார்க்கமாக அது உருமாறியது. அந்த மார்க்கம் சிறுத்துவிட்டது. மணவாளனுக்காகக் காத்திருக்கும் மணவாட்டியின் குரலில் யுஸ்துஸ் ஜோசப் எழுதிய மலையாளப் பாடல்களைக் கேரளச் சபைகள் இன்றும் பாடுகின்றன. தேதியைப் பொய் என்று தள்ளிய சபைகளே ஏக்கத்தை வைத்துக்கொண்டன.

தவறிய தேதி உள்முகமான நிறைவேற்றமாக மாறுவது யுயோமயத்துக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் கணக்குப்படி 1844 அக்டோபர் 22 அன்று காத்திருந்து ஏமாந்தவர்களில் ஒரு பகுதியினர், அன்று கிறிஸ்து பரலோகத் திருத்தலத்தில் புதியதொரு பணியைத் தொடங்கினார் என்று விளக்கம் கண்டார்கள். அதிலிருந்து ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை வளர்ந்தது. அந்தச் சபை தமிழ்நாட்டில் வேர்பிடித்த இடமும் கவனிக்கத்தக்கது. மிஷனரிகளோடு, குறிப்பாகக் கால்டுவெல்லின் நாடார் குறித்த எழுத்தோடு மோதி, 1850களின் இறுதியில் தனிச்சபை கண்ட அருமைநாயகம் சட்டாம்பிள்ளையின் மக்கள், பழைய ஏற்பாட்டு வழக்கப்படி சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஏற்கெனவே ஆசரித்துவந்தார்கள். அட்வென்டிஸ்ட் ஊழியர் ஜே. எஸ். ஜேம்ஸ் 20ஆம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் பிரகாசபுரத்தை நாடிச் சென்றதற்கு இதுவே காரணம். சுயமரியாதைக்கான ஒரு சாதியின் கிளர்ச்சி, உலக முடிவை எதிர்நோக்கும் ஒரு சபைக்கு வழிவிட்டது.

கிறிஸ்தவ எல்லைக்கு வெளியேயும் 19ஆம் நூற்றாண்டின் தமிழகம் வருகைகளால் நிறைந்தது. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் (1809-1851) கலியின் முடிவையும் தர்மயுகத்தையும் அறிவித்தார். வடலூரில் இராமலிங்க அடிகள், ஆண்டவர் வரப்போகிறார் என்றும் இறந்தவர் எழுவர் என்றும் தம் இறுதி ஆண்டுகளில் போதித்தார். 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் அறைக்குள் சென்றார். அவரது அன்பர்கள் இறந்தவர்களை எரிக்காமல் புதைத்தார்கள். அப்போது திருவண்ணாமலை, வடலூர் இரண்டும் தென்னாற்காடு மாவட்டத்தில்தான் இருந்தன. இதைக் கிறிஸ்தவச் செல்வாக்கு என்று சொல்லிவிடுவது எளிது. எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. சாகாக்கலையின் சித்தர் மரபு இராமலிங்க அடிகளுக்குப் பின்னால் நூற்றாண்டுகளாக நிற்கிறது. சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபை நடத்தியது இன்னொரு வகை. 1909இல் கடற்கரையில் கண்டெடுத்த சிறுவனை மைத்ரேயராகவும் கிறிஸ்துவாகவும் வரப்போகும் உலக ஆசானுக்கு உடலாக அது வளர்த்தது. 1929 ஆகஸ்ட் 3 அன்று ஹாலந்தின் ஓமனில் அந்தச் சிறுவன், ஜே. கிருஷ்ணமூர்த்தி, தமக்காக அமைக்கப்பட்ட அமைப்பைத் தாமே கலைத்தார். வரப்போகிறவராகக் கருதப்பட்டவரே வருகையை ரத்து செய்த வேறொரு நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை.

4. குகையில் ஒரு பெனடிக்டின்

திருவண்ணாமலைக்கு உரிய விடை இவை எதிலிருந்தும் வரவில்லை. பிரான்சின் பிரித்தானிப் பகுதியில் 1910இல் பிறந்து, கெர்கொனான் மடத்தில் துறவியாகி, 1948இல் தமிழகம் வந்த ஆன்ரி லெ சோவிடமிருந்து வந்தது. பின்னாளில் அபிஷிக்தானந்தர் என்று அறியப்பட்டவர். 1949 ஜனவரியில், தம்மைவிட மூத்தவரான ஜூல் மொன்ஷானேனுடன் திருவண்ணாமலையில் ரமணரின் ஆசிரமத்துக்குச் சென்றார். முதல் தரிசனத்தில் ஏமாற்றமே மிஞ்சியது என்று அவரே எழுதியிருக்கிறார். அன்றிரவு காய்ச்சல். அந்தக் காய்ச்சலினூடே ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டது. 1950 மார்ச்சில் இருவரும் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனத்தைத் தொடங்கினார்கள். ரமணர் அதே ஆண்டு ஏப்ரல் 14 இரவு மறைந்தார்.

இங்கே சற்று நிற்க வேண்டும். குரு மறைந்தபின் சீடர்கள் என்ன செய்வது என்பது இரண்டு மரபுகளுக்கும் பொதுவான கேள்வி. அப்போஸ்தலர் பணி நூலின் முதல் அதிகாரத்தில், வானத்தை அண்ணாந்து நிற்கும் சீடர்களிடம், போனவர் அதேபோல் வருவார் என்று சொல்லப்படுகிறது. திருவண்ணாமலையில் அழுத அன்பர்களுக்கு ரமணர் சொல்லிச்சென்ற ஆறுதல் அதற்கு நேர்மாறானது: தாம் எங்கும் போவதற்கில்லை, இங்கேதான் இருப்பார். போகாதவர் திரும்பி வர வேண்டியதில்லை. இந்த ஒரு வேறுபாட்டில், காலம் நேர்கோடா சக்கரமா என்ற விவாதம் முழுவதையும்விட அதிகச் சத்து இருப்பதாக எனக்குப் படுகிறது.

1952 முதல் சில ஆண்டுகள் லெ சோ மலைக்குகைகளில் விட்டுவிட்டுத் தங்கினார். 1955 இறுதியில் திருக்கோயிலூர்த் தபோவனத்தில் ஞானானந்தரைச் சந்தித்தார். 1973 ஜூலையில் ரிஷிகேசத்தில் மாரடைப்பு. டிசம்பர் 7 அன்று இந்தூரில் மறைவு. அவர் இறந்தபின் வெளிவந்த நாட்குறிப்பையும் கடைசி ஆண்டுகளின் கடிதங்களையும் படிப்பவருக்கு ஒரு நகர்வு தெளிவாகத் தெரியும். உயிர்த்தெழுதல் என்பது எதிர்காலச் சம்பவமாக இருப்பதிலிருந்து விலகி, ‘நான் இருக்கிறேன்’ என்ற விழிப்பாகிறது. கிறிஸ்து வருவது வெளியிலிருந்து அன்று, இருதயக் குகையில். சந்நியாசத்தைப் பற்றிய அவரது கட்டுரைகளில் துறவி, முடிவு ஏற்கெனவே வந்துவிட்டதன் வாழும் அடையாளம். சடங்கு, குலம், பெயர் எல்லாம் கடைசி நாளில் உதிரும் என்றால், அவன் அவற்றை இன்றே உதிர்த்தவன்.

இந்த இடத்தில் எதிர்பாராத உறவினர் ஒருவர் தென்படுகிறார். 1920களில் இலங்கையில் பாஸ்டர் பால் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனின் வெள்ளுடை ஊழியர்களும், ஆண்டவர் வருகைக்காக மணம் துறந்து, சொத்தின்றி, விசுவாச வீடுகளில் கூடி வாழ்பவர்கள். சென்னையை அடுத்த இரும்புலியூரில் ஆண்டுதோறும் திரளும் அவர்களது கூட்டத்துக்கும் காவியுடுத்திக் குகையில் அமர்ந்த பிரெஞ்சுக்காரருக்கும் பேச்சுவார்த்தை சாத்தியமே இல்லை. ஒருவரை மற்றவர் தவறிப்போனவர் என்றே சொல்லியிருப்பார். ஆயினும் முடிவு தம் உடலைத் தொட்டுவிட்டது என்று நம்பி வாழ்க்கையை மாற்றிக்கொண்டவர்கள் இவ்விருவருமே. மற்ற கிறிஸ்தவர்களில் பெரும்பாலோருக்கு வருகை ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் சொல்லிக் கடக்கும் ஒரு வரி.

லெ சோவின் விடையை வேதத்துக்குப் புறம்பானது என்று ஒதுக்க முடியாது. யோவான் நற்செய்தியில் நித்திய ஜீவன் இப்போதே தொடங்கிவிடுகிறது. லூக்கா 17ஐ மேலே பார்த்தோம். அவர் இறுதிவரை கத்தோலிக்கக் குருவாகவே இருந்து திருப்பலி நிறைவேற்றினார். 1969க்குப் பின் வந்த திருப்பலி முறையில் ஆண்டவர் வரும்வரை காத்திருப்பதை மக்கள் ஒவ்வொரு முறையும் அறிக்கையிடுகிறார்கள். நாட்குறிப்பில் எதிர்காலத்தைக் கரைத்தவர் பலிபீடத்தில் அதை உச்சரித்துக்கொண்டிருந்தார். இந்த முரணை அவர் தீர்க்கவில்லை. தீர்த்திருந்தால் அவர் சுவாரசியமற்றவராகியிருப்பார்.

அவர் தனியாகவும் இல்லை. 1920களிலேயே சென்னையின் வெ. சக்கரை, இயேசுவின் அவதாரம் முடிந்துபோனதன்று, ஆவியானவர் வழியாகத் தொடர்வது என்று எழுதினார். ஏ. ஜே. அப்பாசாமி யோவான் நற்செய்தியைப் பக்தி மார்க்கமாக வாசித்தார். பி. செஞ்சையா புதுப்படைப்பு இங்கேயே தொடங்க வேண்டும் என்றார். மூவருக்கும் இடையே பூசல்கள் உண்டு; அத்வைதத்தோடு அப்பாசாமிக்கு ஒத்துப்போகவே இல்லை. ஆனால் வருகையை எதிர்காலத்திலிருந்து நிகழ்காலத்துக்கு இழுப்பதில் மூவரும் ஒரே திசையில் நின்றார்கள். மூவரும் தலித் அல்லாத, படித்த குடும்பத்தினர் என்பதைத் தற்செயல் என்று நான் எண்ணவில்லை.

5. மலை சரிந்த ஞாயிறு

2024 டிசம்பர் 1 திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அன்று உலகெங்கும் கத்தோலிக்க ஆலயங்களில் வாசிக்கப்பட்டது லூக்கா 21: கடலின் முழக்கம், வானத்து அடையாளங்கள், மக்களின் கலக்கம். ஃபெஞ்சல் புயலின் மழை திருவண்ணாமலையில் கொட்டிக்கொண்டிருந்தது. அன்று மாலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து வீடு புதைந்தது. குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். டிசம்பர் 13 அன்று தீபம் ஏற்றப்பட்டது, பக்தர்கள் மலையேற அனுமதியில்லாமல்.

வாசகத்தையும் விபத்தையும் ஒட்டவைத்து ‘அடையாளம்’ என்று பேசுவது எளிது. 2004 சுனாமிக்குப் பிறகும், 2020 கொரோனாவின்போதும் பிரசங்க மேடைகளிலும் யூடியூபிலும் இதுதான் நடந்தது. இதற்கு எதிரான ஆட்சேபம் எளிமையானது. வாசக அட்டவணை மூன்றாண்டுச் சுழற்சியில் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வகுக்கப்பட்டது, மழைக்காகத் தேர்ந்தெடுத்ததன்று. கார்த்திகையில் தமிழகத்தில் புயல் வருவது வடகிழக்குப் பருவமழையின் இயல்பு. ஆனால் வலுவான ஆட்சேபம் வேறு. அடையாள வாசிப்பு செத்தவர்களை வேறொருவருடைய நாட்காட்டியின் குறிப்பாக மாற்றுகிறது. மலைச்சரிவில் வீடு கட்டி வாழ நேர்ந்தது யாருக்கு, ஏன் என்ற கேள்வி அதற்குத் தேவைப்படுவதில்லை. அண்ணாமலையார் கோபம் என்று சொன்ன வாய்களும் அந்தக் கேள்வியைத் தவிர்க்கவே உதவின. உள்முக வாசிப்பும் இங்கே கைகொடுக்காது. மலை நானே என்று உணர்ந்தவருக்குச் சரிந்த மலையைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

6. தீர்ப்பைக் கேட்பவர்கள்

ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் மக்களில் பெரும்பகுதியினர் தலித்துகள். அவர்களின் முன்னோர் அண்ணாமலையார் கோயிலின் கோபுரத்தை வெளியிலிருந்தே பார்த்தவர்கள். கடவுள் இங்கேயே நிற்கிறார் என்ற செய்தி அவர்களுக்கு நற்செய்தியாக இருந்திருக்க வாய்ப்பில்லை. நிற்பவரை நெருங்கவிடாத வாசல் நடுவில் இருந்தது. இது பழங்கதையும் அன்று. இதே மாவட்டத்தின் தென்முடியனூரில், முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் முதன்முறையாகக் கால் வைத்தது 2023 ஜனவரி 30 அன்று, காவல்துறைப் பாதுகாப்போடு.

அப்படிப்பட்டவர்களுக்கு ‘வருவார்’ என்ற எதிர்காலச் சொல், ‘இருப்பது இப்படியே இருக்காது’ என்று பொருள்படுகிறது. இதைக் கற்பனைச் சுகம் என்று படித்தவர்கள் எள்ளுவதுண்டு. இரகசிய வருகைப் பிரசங்கத்தில் அப்படியொரு தப்பித்தல் இருப்பதை நானும் மறுக்கவில்லை. ஊரை விட்டு எடுத்துக்கொள்ளப்படுபவன் ஊரைத் திருத்த மாட்டான். ஆனால் தப்பித்தல் வேறு, தீர்ப்பு வேறு. வருகை நம்பிக்கையின் மையத்தில் இருப்பது நியாயாதிபதி. உலகத்தின் கணக்கு இன்னும் முடிக்கப்படவில்லை என்பது அதன் கூற்று. லெ சோவின் விழிப்பில் விலகிப்போவது இந்தக் கணக்குதான். அவர் தாமே ஏழையாக வாழ்ந்தவர், அதில் ஐயமில்லை. இருந்தும் எல்லாமே ஒன்று என்ற அனுபவத்தில் வழக்குத் தொடுத்தவனும் எதிரியும் கரைந்துவிடுகிறார்கள். வழக்கு மட்டும் ஊரில் நிற்கிறது. அதே மலையடியில், ரமணாசிரம உணவுக்கூடத்தில் பிராமணர்களுக்குத் தனிப்பகுதி இருந்ததை அன்பர்களின் நினைவுக்குறிப்புகளே சொல்கின்றன. இரு பகுதியினரும் காணும்படி ரமணர் அமர்ந்தார். தடுப்பு இருந்தது.

மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, பரட்டை என்று அறியப்பட்டவர், இதே இடத்தைத்தான் தொட்டார். அவருடைய இறையியலின் நடுவில் இருந்தது ‘ஒரே உலை’: ஒரே பானையில் பொங்கி எல்லோரும் உண்பது. இறுதிநாள் விருந்தை இன்றைய அடுப்பில் வைத்துப் பார்க்கும் முயற்சி அது. நிகழ்காலத்துக்கு வருகையை இழுப்பதில் அவரும் சக்கரையின் வரிசையில் நிற்பதாகத் தோன்றலாம். வித்தியாசம் பெரிது. யார் யாரோடு உண்ண மறுக்கிறார்கள் என்று அவரது உலை கேட்கிறது. அப்படிக் கேட்பதிலேயே தீர்ப்பு வந்துவிடுகிறது.

மத்தேயு 25இன் இறுதிக் காட்சி அவருக்குத் துணை. மகிமையோடு வரும் அரசர் அங்கே சொல்வது, தாம் ஏற்கெனவே பசித்தவராகவும் அந்நியராகவும் வந்திருந்தார் என்பதை. வரப்போகிறவர் முன்பே இங்கிருந்தார். நல்லவர்களும் கெட்டவர்களும் ஒருசேர அவரை அடையாளம் காணவில்லை. லெ சோ வற்புறுத்திய நிகழ்காலம் இதில் இருக்கிறது. அவர் கைவிட்ட தீர்ப்பும் இருக்கிறது. டார்பியின் வரிசை அட்டவணைக்கு இந்தக் காட்சி பெரிய தொந்தரவு. கேள்வி எப்போது என்பதிலிருந்து எவரிடம் என்பதற்கு மாறிவிடுகிறது.

இந்த அளவுகோலைத் தமிழ்த் திருச்சபைகள் முதலில் தங்கள்மீதே வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறையில், தலித்துகளின் கல்லறைகளைப் பிற சாதியினருடையவற்றிலிருந்து பிரித்து எழுப்பிய சுவர் நெடுங்காலப் போராட்டங்களுக்குக் காரணமானது. மரித்தோர் முதலில் எழுவார்கள் என்று பவுல் எழுதிய வாசகத்தை அடக்கச் சடங்குகளில் வாசிக்கும் சபைகள், எழப்போகிறவர்களைச் சாதிவாரியாக அடுக்கியிருக்கின்றன. எந்த நாளில் வருவார் என்று அச்சபைகளின் பிரசங்கங்கள் கணித்தாலும் கணிக்காவிட்டாலும், அவர் வரமாட்டார் என்ற அனுமானத்தில்தான் அந்தச் சுவர் கட்டப்பட்டிருக்க வேண்டும்.